பத்து மைக்ரோ விநாடி

பொன்னேரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா நலம். மழை வந்தால் முட்டி வலி கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். உன் மாமாவுக்கு நைட் ஷிப்ட். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

வியாழக்கிழமை நீ போன் செய்தபோது நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டை வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆனால் நீ கேட்டது பாதியில் விடக்கூடிய கேள்வி இல்லை. "எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வருதேக்கா. நீ ஏன் பழைய சிப்பைப் பிடுங்கி, மூணு மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் விட்டு ஒண்ணைச் செஞ்ச? அதுல என்ன லாபம்?" என்று கேட்டாய்.

முதல் பதில், வாங்கிக்கொள். புராஜெக்ட்டுக்குத் தேதி நெருங்குகிறது, அதற்கு வாங்கியதே போதும். இரண்டாவது பதில், ஒன்றை உன் கையாலும் செய்து பார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படி.

எங்கள் யூனிட்டுக்கு என்னென்ன வரும் என்று உனக்குத் தெரியும். சிப்காட்டிலும் தேர்வாய்கண்டிகை பக்கத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் கெட்டுப்போன கார்டுகள்: டிரைவ் கார்டு, டெம்பரேச்சர் கன்ட்ரோலர், எடை மேடை இண்டிகேட்டர். போன வருஷம் ஓர் இரும்பாலையிலிருந்து ஒரு கார்டு வந்தது. ஒரே ஆர்.எஸ்.485 கேபிளில் கோத்திருக்கும் பன்னிரண்டு எனர்ஜி மீட்டர்களிடம் வரிசையாக ரீடிங் கேட்டு, கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் ஃபர்னஸ் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியதும் மூன்று மீட்டர்கள் மட்டும் அடிக்கடி பதில் சொல்லாமல் போகும். எப்போதும் அதே மூன்று.

கார்டை எங்கள் மேசையில் போட்டு இரண்டு நாள் ஓட்டினோம். ஒரு பிழை இல்லை. திருப்பி அனுப்பினோம், மறுபடி வந்தது. இப்படி மூன்று முறை. "நம்ம டேபிள்ல ஓடுது, சைட்ல ஓடல" என்பது எங்கள் தொழிலில் மிகக் கசப்பான வாக்கியம். ஆலைக்காரர்கள் கேபிளை மாற்றினார்கள். மீட்டர்களை இடம் மாற்றி வைத்தார்கள், கோளாறும் அந்த மூன்று மீட்டர்களோடு கூடவே போனது. மீட்டர்தான் கெட்டது என்று முடிவுகட்டி அனுப்பினால், சோதித்துப் பார்த்தவர்கள் நல்லது என்று சான்றிதழோடு திருப்பிவிட்டார்கள். கார்டு நல்லது, மீட்டர் நல்லது, கேபிள் நல்லது. ரீடிங் மட்டும் வரவில்லை.

எங்களிடம் உள்ள ஆசிலாஸ்கோப்பில் இரண்டு சேனல். ஏ கம்பியில் ஒன்று, பி கம்பியில் ஒன்று வைத்துப் பார்த்தேன். அலை சுத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது, அலையின் வடிவத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு விடை கிடைக்காது என்று. யார் எப்போது பேசத் தொடங்கினார், யார் எப்போது வாயை மூடினார், எது முதலில், எது பிறகு என்ற வரிசைதான் எனக்கு வேண்டியிருந்தது. ஸ்கோப் ஒரு கம்பியில் எத்தனை வோல்ட் என்று சொல்லும். லாஜிக் அனலைசருக்கு வோல்ட் கணக்கு தேவையில்லை. ஒன்றா பூஜ்யமா, அதுமட்டும். ஆனால் எட்டுக் கம்பிகளை ஒரே கணத்தில் பார்த்து, அடுத்தடுத்த கணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இந்தத் தேவை உலகத்துக்கே ஒரு காலத்தில் திடீரென்று வந்ததுதான். இன்டெலின் 4004 மைக்ரோபிராசசர் 1971-ல் வந்தது, 8008 அடுத்த வருஷம். அதுவரை ஒன்றிரண்டு சிக்னல்களைப் பார்த்துப் பழகிய பொறியாளர்கள் முன்னால் திடீரென்று எட்டுக் கம்பி டேட்டா, அதோடு அட்ரஸ், கன்ட்ரோல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. 1973-ல் அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டும் பயோமேஷனும் முதல் லாஜிக் அனலைசர்களைக் கொண்டுவந்தன. பல வருஷங்களுக்கு அவை பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்த விலை உயர்ந்த பெட்டிகள். நான் டிப்ளமோ படித்தபோது அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்தேன்.

என் மேசையில் ஒன்று பாதி செய்த நிலையில் ஏற்கனவே கிடந்தது. இரும்பாலைக் கார்டு மூன்றாவது முறை வந்த அன்று, முடித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அதற்கு உதிரிப்பாகம் எங்கிருந்து கிடைத்தது என்று சொன்னால் உனக்கு நம் ஊர் நினைவுக்கு வரும். கும்மிடிப்பூண்டி உலைகளுக்குத் தீனி பழைய இரும்பு. ஜி.என்.டி. சாலையில் ஓடும் லாரிகளில் பாதி அதைத்தான் ஏற்றி வருகிறது. அந்த இரும்போடு பழைய மெஷின்களின் கன்ட்ரோல் பேனல்களும் வரும். தகரம் உலைக்குப் போகும், செம்பு தனியாகப் போகும், உள்ளே இருக்கும் கார்டுகள் காயலான் கடையில் மூட்டையாகக் கிடக்கும், கிலோக் கணக்கில் விலை. நான் போகும் கடைக்காரர் அண்ணன் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எல்லாரும் இதுல தங்கம் எடுக்கத்தான் கேப்பாங்க. நீ ஏம்மா கறுப்புப் பூச்சியா பொறுக்குற?" என்றார். தங்கத்துக்காக அந்தக் கார்டுகளை ஆசிடில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள் தம்பி. அந்தப் புகையும் அந்தத் தண்ணீரும் எங்கே போய்ச் சேரும் என்று நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. ஒரு சிப்பைச் சாக்கெட்டிலிருந்து முழுதாகக் கழற்றி இன்னொரு வேலைக்கு வைப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

அந்த மூட்டையில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள் ஒரு 486 மதர்போர்டு. அந்தக் காலத்துப் போர்டுகளில் கேஷ் மெமரி தனித்தனிச் சிப்பாகச் சாக்கெட்டில் செருகியிருக்கும். 32 கிலோபைட், எட்டு பிட் அகலம், 20 நானோ விநாடி வேகம். வேகமான ஸ்டாடிக் ரேம். அனலைசரின் இதயமே அதுதான். ஆனால் எடுத்தவுடன் நம்பிவிடாதே. தொண்ணூறுகளின் நடுவில் உள்ளே சிலிக்கானே இல்லாத வெறும் பிளாஸ்டிக்கைக் கேஷ் சிப் என்று ஒட்டி விற்ற போர்டுகளும் உலகச் சந்தையில் உண்டு. அதனால் ஒவ்வொரு சிப்பையும் ஆர்டுயினோவில் மாட்டி, எல்லா இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, சரியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நல்ல பொருள் பழைய ஹார்டு டிஸ்க் கேபிள். நாற்பது கம்பி இல்லை, எண்பது கம்பி உள்ள வகை. அதில் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்டு கம்பி ஓடும். ஒரு கம்பியின் சத்தம் அடுத்த கம்பிக்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அனலைசரின் புரோப் கேபிளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. மூட்டையில் கிடைக்காத லாஜிக் சிப்புகளுக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன்.

சர்க்யூட்டை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அதன் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் எட்டுக் கம்பிகளும் முதலில் ஒரு 74ஹெச்.சி.டி.245 பஃபருக்கு வரும். ஹெச்.சி. வேண்டாம், ஹெச்.சி.டி. போடு. அது 2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும், அதனால் 5 வோல்ட் சர்க்யூட்டையும் பார்க்கலாம், 3.3 வோல்ட் சர்க்யூட்டையும் பார்க்கலாம். ஒவ்வொரு கம்பிக்கும் 100 ஓம் தொடரில், 100 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. இல்லையென்றால் எதிலும் மாட்டாத கம்பி காற்றில் ஆடி, இல்லாத சிக்னலைக் காட்டும். அந்த 245-ஐச் சாக்கெட்டில்தான் வை. வாசல் காவல்காரன் அவன். அடி விழுந்தால் அவனுக்குத்தான் முதலில் விழும். கவனக்குறைவாக 24 வோல்ட் கம்பியில் ஒரு தடவை மாட்டினேன். காவல்காரன் போனான், உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அடுத்தது கடிகாரம். ஒரு பழைய கார்டில் 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் கேன் இருந்தது. இரண்டு 74ஹெச்.சி.390 வைத்து அதைப் பிரித்து 10 மெகாஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸ், 100 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று வேகம் எடுத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் 74ஹெச்.சி.574 ஃப்ளிப்ஃப்ளாப் எட்டுக் கம்பிகளையும் ஒரே கணத்தில் படம் பிடிக்கும், ரேம் அதை எழுதிக்கொள்ளும், கவுண்டர் அடுத்த அட்ரஸுக்கு நகரும். பிடி, எழுது, நகர். முழு அனலைசரும் இந்த மூன்று வினைதான்.

கவுண்டரில்தான் நான் தோற்றேன். கையில் இருந்தது என்று இரண்டு 4040 வைத்துவிட்டேன். 100 கிலோஹெர்ட்ஸில் ஓடியது, 10 மெகாஹெர்ட்ஸில் குப்பையாக வந்தது. இரண்டு வாரம் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டு ஒவ்வொரு இணைப்பையும் திரும்பப் பற்றவைத்தேன். பிறகுதான் உறைத்தது. 4040-ல் முதல் பிட் மாறிய பிறகுதான் அடுத்த பிட்டுக்குச் செய்தி போகும். வரிசையில் நிற்கிறவர்கள் காதோடு காது சொல்லி அனுப்புவதுபோல, பதினைந்தாவது ஆளுக்குப் போய்ச் சேர 100 நானோ விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், ரேம் தப்பான அட்ரஸில் எழுதும். நான்கு 74ஹெச்.சி.161 வைத்தேன். அவை ஒரே துடிப்பில் எல்லாரும் சேர்ந்து அடி எடுத்து வைக்கும் வகை. அன்றே சரியானது. வகுப்பில் சின்க்ரனஸ் கவுண்டர், ரிப்பிள் கவுண்டர் என்று ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தேன். அதன் அர்த்தம் இரண்டு வாரச் சூட்டுக்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி டிரிகர். 74ஹெச்.சி.688 எட்டுக் கம்பிகளையும் நான் சுவிட்சில் வைத்த மாதிரியோடு ஒப்பிடும், பொருந்தினால் மணி அடிக்கும். பார்க்க வேண்டாத கம்பி இருந்தால்? அதை அதனோடேயே ஒப்பிடும்படி சுவிட்சின் மூன்றாவது நிலையை இணைத்தேன். தன்னோடு தான் எப்போதும் பொருந்தும்தானே. மணி அடித்ததும் ரேம் உடனே நின்றுவிடாது. பாதி மெமரி அளவுக்கு, அதாவது 16,384 துடிப்புக்கு, இன்னும் எழுதிவிட்டுத்தான் நிற்கும். மெமரி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால், மணி அடிப்பதற்கு முன் நடந்ததும் பாதி அளவுக்குக் கையில் இருக்கும். கோளாறு நடந்த பிறகு சொல்லி அனுப்பினால்கூட, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கலாம். இது முதல் முறை வேலை செய்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் ஓர் ஆர்டுயினோ ரேமைப் படித்து 1,15,200 பாட் வேகத்தில் லேப்டாப்புக்கு அனுப்பும். 32,768 பைட்டுக்கு மூன்று விநாடி. திரையில் காட்ட பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சிக்ரோக் என்ற திறந்தமூலத் திட்டத்தைச் சேர்ந்தது. சீரியல், மோட்பஸ் எல்லாம் அதுவே பிரித்துப் படித்துத் தரும். கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, யாரோ இலவசமாகக் கொடுத்தது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது அந்த இரும்பாலைக்கு வா.

ஓர் இரவு ஷிப்ட்டுக்கு அனுமதி வாங்கிப் போனேன். லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டாமல் பேட்டரியில் ஓட்டினேன். பேனலின் கிரவுண்டும் ப்ளக் பாயின்ட்டின் எர்த்தும் ஒன்றாக இருக்கும் என்று ஃபர்னஸ் பக்கத்தில் நம்பக்கூடாது, இதை நீயும் நினைவில் வை. கார்டில் மூன்று இடம் பிடித்தேன். அனுப்பும் கம்பி, லைனைப் பிடித்துப் பேச அனுமதி தரும் டி.இ. கம்பி, லைனில் என்ன கேட்கிறது என்று சொல்லும் ஆர்.ஓ. கம்பி.

முதலில் 100 கிலோஹெர்ட்ஸில் பிடித்தேன். மூன்றில் ஒரு விநாடி அளவுக்கு ஓட்டம் முழுவதும் தெரியும் என்ற ஆசை. கார்டு கேட்கிறது, லைனை விடுகிறது, மீட்டர் பதில் சொல்லவில்லை. எல்லாம் முறையாகவே தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஷிப்ட் எலெக்ட்ரீஷியன் அண்ணன், "பார்த்தியாம்மா, கார்டு மேல தப்பில்ல" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் செய்த பெட்டி என்பது எனக்கு உதவியது, தம்பி. 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் பத்து மைக்ரோ விநாடிக்கு ஒரு முறைதான் அது கண்ணைத் திறக்கிறது. மற்ற நேரமெல்லாம் கண் மூடியிருக்கிறது. அந்தப் பத்தை 390-ல் பின்னுக்குப் பின் பிரித்து எடுத்தவள் நான். திரையில் தெரிகிற நேர்க்கோடு, நடந்ததின் முழுப் படம் இல்லை. கண் திறந்த கணங்களை மென்பொருள் கோடு போட்டு இணைத்தது. அதனால் திரையை நம்பி மூட்டை கட்ட மனசு வரவில்லை.

வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். இப்போது பார்வை 32 மில்லி விநாடிக்குச் சுருங்கிவிடும், அதனால் டிரிகர் வேண்டும். டி.இ. ஒன்று, அனுப்பும் கம்பி பூஜ்யம் என்று வைத்தேன். கார்டு கேள்வி கேட்கத் தொடங்கும் முதல் ஸ்டார்ட் பிட்டிலேயே மணி அடிக்கும். கார்டு மீட்டரிடம் கேட்கும் மோட்பஸ் கேள்வி எட்டு பைட். 9600 பாட்டில் எட்டரை மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். கேள்வியின் வால் பார்வைக்குள் வசதியாக விழுந்தது.

அந்த வாலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 9600 பாட்டில் ஒரு பிட் 104 மைக்ரோ விநாடி. ஸ்டார்ட், எட்டு டேட்டா, ஸ்டாப் என்று ஒரு பைட்டுக்குப் பத்து பிட், மொத்தம் 1,042. கடைசி பைட் தொடங்கிச் சரியாக 1,000 மைக்ரோ விநாடியில் டி.இ. கீழே விழுந்தது. ஒரு மில்லி விநாடி போதும் என்று யாரோ புரோகிராமில் எழுதியிருக்கிறார்கள். ஸ்டாப் பிட் முடிய இன்னும் 42 இருக்கிறது.

பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஸ்டாப் பிட்டின் நடுவில்தான் மீட்டர் பார்க்கும். அந்த நடு 990-ல் வருகிறது. கார்டு வாயை மூடுவது 1,000-ல். பத்து மைக்ரோ விநாடி மிச்சம். எங்கள் மேசையில் அந்தப் பத்துதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் எல்லா மீட்டரின் கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. ஒரு மீட்டர் நூற்றுக்கு ஒன்றரை பங்கு மெதுவாக ஓடினால், அது ஸ்டாப் பிட்டைப் பார்ப்பது 1,004-ல். அப்போது லைனை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அமைதியான இடத்தில் லைன் தானாகச் சரியான நிலையில் நிற்கும், ஒன்றும் ஆகாது. ஃபர்னஸ் ஓடும்போது? பிடித்த சில பதிவுகளில், டி.இ. விழுந்த உடனே ஆர்.ஓ. கம்பி ஐந்தாறு மைக்ரோ விநாடிக்கு ஒரு துள்ளு துள்ளியது. மெதுவான மூன்று மீட்டர்களும் சரியாக அந்தத் துள்ளலைத்தான் ஸ்டாப் பிட் என்று படித்தன. கேள்வி கெட்டுவிட்டது என்று பேசாமல் இருந்தன. அவை செய்தது சரியான காரியம்.

அந்தத் துள்ளல் பத்து மைக்ரோ விநாடியைவிடக் குறுகியது. 100 கிலோஹெர்ட்ஸில் என் பெட்டி கண் மூடியிருந்த நேரத்தில் அது வந்து போயிருந்தது.

புரோகிராமை நாங்கள் மாற்ற முடியாது. அதனால் லைனின் ஒரு முனையில் 5 வோல்ட்டுக்கு ஒரு 560 ஓம், கிரவுண்டுக்கு ஒரு 560 ஓம் போட்டேன். இரண்டு முனையிலும் இருக்கும் 120 ஓமோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் லைனில் சுமார் 0.25 வோல்ட் நிற்கும். 485 ரிசீவர் ஒன்று என்று உறுதியாகச் சொல்ல 0.2 போதும். யாரும் பிடிக்காத நேரத்திலும் லைன் ஆடாமல் நின்றது. அந்த இரவே பன்னிரண்டு மீட்டரும் பதில் சொல்லின. பிறகு கார்டு செய்தவர்களுக்குப் பதிவுகளை அனுப்பினோம். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் புதிய புரோகிராம் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்த பிறகு ஒருவரும் வாதாடவில்லை.

இதை வாங்கிய அனலைசரிலும் பார்த்திருக்கலாமா? பார்த்திருக்கலாம். 24 மெகாஹெர்ட்ஸ் வரை அது கண் திறக்கும், என்னுடையதைவிடக் கூர்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதிலும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எண் வைத்தாலும் திரை அழகான கோடுகளைத்தான் காட்டும், சந்தேகப்படச் சொல்லித் தராது. அந்தச் சந்தேகம் எனக்கு ஈயப்புகையில் உட்கார்ந்து ஒவ்வொரு துடிப்பையும் நானே எண்ணியதால் வந்தது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான். கருவி எங்கே பார்க்கிறது என்று எல்லாரும் படிக்கலாம். எங்கே பார்ப்பதில்லை என்பதை, அதைச் செய்தவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.

இந்த வழியில் நாம் தனியாக இல்லை. டெல்லியில் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சலரேட்டர் சென்டரில் ஃபீனிக்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. விலை உயர்ந்த கருவி இல்லாத கல்லூரிகளுக்காக, கையால் செய்யக்கூடிய கருவிகளாலேயே இயற்பியல் சோதனைகள். அதிலிருந்து வந்ததுதான் எக்ஸ்பைஸ். அந்த வழியில் வளர்ந்த பி.எஸ்.லேப் என்ற சின்னப் பலகையில் நான்கு சேனல் லாஜிக் அனலைசரும் உண்டு. சர்க்யூட், புரோகிராம் எல்லாம் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் லேபில் சொல்லிப் பார்.

இப்போது உன் புராஜெக்ட். டிஸ்ப்ளே ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று உறைந்துபோகிறது என்றாய். ஐ2சி லைன், இரண்டே கம்பி, 100 கிலோஹெர்ட்ஸ். மோட்டார் கிளம்பும்போதா உறைகிறது, சும்மா இருக்கும்போதா? அதை முதலில் குறித்து வை. மோட்டாரின் ஆன் சிக்னலையும் அனலைசரில் மூன்றாவது கம்பியாக மாட்டு. யார் முதலில் என்பதுதான் கேள்வி. இரண்டு கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆளைச் சந்தேகிக்கவே தோன்றாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா அனுப்புகிறேன். சோதித்து வைத்த ரேம் சிப் இரண்டு, 161 நான்கு, 390 இரண்டு, 574, 688, சாக்கெட்டோடு 245 இரண்டு, ஆசிலேட்டர் கேன், எண்பது கம்பிக் கேபிள் ஒரு முழம். ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்தில் ஒரு 100 நானோஃபாரட் கட்டாயம் வை, சோம்பல் படாதே. அம்மா அதில் முறுக்கும் வைத்திருக்கிறாள். சிப்பை ஸ்டாடிக் பையில் தனியாகப் போட்டிருக்கிறேன், எண்ணெய் படாது.

செய்து முடித்ததும் முதல் வேலையாக ஒன்று செய். உன் ஐ2சி கிளாக் கம்பியை வேண்டுமென்றே 100 கிலோஹெர்ட்ஸில் பிடி. துடிப்பும் பார்வையும் ஒரே வேகத்தில் போவதால், உயிரோடு ஓடும் கம்பி செத்துக் கிடப்பதுபோல நேர்க்கோடாகத் தெரியும்; இல்லையென்றால் எங்குமே இல்லாத ஒரு மெதுவான அலை தெரியும். பிறகு அதே கம்பியை 1 மெகாஹெர்ட்ஸில் பிடி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்பு. உன் பெட்டி உன்னிடம் முதல் பொய்யைச் சொல்லி, அதை நீயே கண்டுபிடித்த நாள் அது. அந்தப் படத்தை என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொள்ள ஆசை.

பொங்கலுக்கு வரும்போது டப்பாவைத் திரும்பக் கொண்டுவராதே, பெட்டியைக் கொண்டுவா. பாப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், மாமா எப்போ லைட் எரியுற பெட்டி கொண்டுவருவார் என்று.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈயம் பிடித்த கையைக் கழுவாமல் சாப்பிடாதே.

உன் அன்பு அக்கா